லஹான்யா பிக்கு ஏன் பேசவில்லை?

கேள்வி: நம் சினிமா கெட்டுப்போனதற்குக் காரணமே நாடகக்காரர்களை உள்ளே விட்டதுதான். கேமராவுக்கு வேலை வைக்காமல் எல்லாவற்றையும் பேசியே தீர்த்துவிடுவார்கள். சென்ற இதழில் நீங்கள் கொண்டாடியிருந்த மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரும் இதற்கு விலக்கில்லை. மேடையில் அடிதடி, அழுகை, நீள நீள வசனம். திரையிலும் அதே சரக்கு. அவர் எழுதியதில் வாயைத் திறக்காமல் நிற்கிற ஒரே ஒரு பாத்திரத்தைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: காட்டுகிறேன். பெயர் லஹான்யா பிக்கு.

1980ல் வந்த ‘ஆக்ரோஷ்’ படத்தில் ஓம் புரி நடித்த பாத்திரம். ஒளிப்பதிவாளராக இருந்த கோவிந்த் நிஹலானி முதன்முதலாக இயக்கிய படம் அது. கதை, திரைக்கதை விஜய் டெண்டுல்கர். பிக்கு ஓர் ஆதிவாசிக் கூலி. மனைவியைக் கொன்றுவிட்டான் என்று வழக்கு. அவனுக்காக வாதாட வருகிற இளம் வக்கீல் சிறைக்குப் போய், என்ன நடந்தது என்று கேட்கிறார். பிக்கு பேசவில்லை. மறுபடி போய்க் கேட்கிறார், கெஞ்சுகிறார், எரிச்சல்படுகிறார். அப்போதும் பேசவில்லை. நீதிமன்றத்திலும் பேசவில்லை. தூக்குவரை போகக்கூடிய வழக்கில், தன்னைக் காப்பாற்ற வந்த மனிதரிடம்கூட ஒரு சொல் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். முழுப் படமும் அந்த மௌனத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

அவன் ஊமை இல்லை. மனைவியைச் சீரழித்துக் கொன்றவர்கள் அந்த ஊரின் பெரிய மனிதர்கள். வீட்டில் வயதான அப்பா இருக்கிறார், தங்கை இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. வாயைத் திறந்தால் அடுத்து யார் என்பது அவனுக்குத் தெரியும். அரசுத் தரப்பு வக்கீலாக அம்ரீஷ் புரி வருகிறாரே, கவனித்தீர்களா? அவரும் பிறப்பால் ஆதிவாசி. படித்து மேலே வந்தவர், பேச்சையே தொழிலாகக் கொண்டவர். ஒரே நீதிமன்றத்தில் பேசவே முடியாத ஓர் ஆதிவாசியையும், பேசிப் பிழைக்கிற ஓர் ஆதிவாசியையும் எதிரெதிரே நிறுத்துவது சாதாரணக் காரியம் இல்லை. யாரை யாருக்கு எதிரே நிறுத்துவது என்ற அந்தக் கணக்கு நாடகம் எழுதிப் பழகிய கைக்குத்தான் வரும்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பிலிம் சொசைட்டி திரையிடலில். மடக்கு நாற்காலி, மின்விசிறி இரைச்சல், சப்டைட்டில் கிடையாது. எனக்கு அப்போது இந்தி சுத்தமாகத் தெரியாது. வக்கீல்கள் பேசியதில் பாதிக்கு மேல் புரியவில்லை. பிக்கு மட்டும் முழுசாகப் புரிந்தான். கடைசியில் அப்பாவின் ஈமச்சடங்குக்கு அவனைக் காவலோடு அழைத்து வருகிறார்கள். சிதை எரிந்துகொண்டிருக்கிறது. தங்கைமேல் விழுகிற ஒரு பார்வையை அவன் பார்க்கிறான். கோடரியை எடுத்துத் தங்கையையே வெட்டிவிடுகிறான். மனைவிக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக்கூடாது என்று. அப்புறம் முகத்தை வானத்துக்குத் தூக்கி ஓலமிடுகிறான். அந்த நிமிடத்திலும் அவன் வாயிலிருந்து வந்தது ஒரு சொல் இல்லை. வெளியே வந்து வெகுநேரம் சைக்கிளை எடுக்காமல் நின்றேன்.

இன்னொன்றையும் பாருங்கள். ஷ்யாம் பெனகலின் ‘நிஷாந்த்’ (1975), ‘மந்தன்’ (1976), அப்புறம் நிஹலானியின் ‘அர்த் சத்யா’ (1983). மூன்றுக்கும் திரைக்கதை டெண்டுல்கர். வசனம்? ‘நிஷாந்த்’துக்கு சத்யதேவ் துபே, ‘மந்தன்’னுக்குக் கவிஞர் கைஃபி ஆஸ்மி, ‘அர்த் சத்யா’வுக்கு வசந்த் தேவ். டெண்டுல்கரின் மொழி மராத்தி, அதனால் இந்தி வசனத்தை வேறொருவர் எழுதினார். நீங்கள் நினைக்கிற மாதிரி நாடகாசிரியர் கொண்டுவருகிற சரக்கு வசனம் மட்டும்தான் என்றால், வசனத்தை எடுத்துவிட்ட பிறகு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்கக்கூடாது. ஆனால் ‘மந்தன்’னுக்காக அவருக்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதே கிடைத்தது. குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம் அது. பாலில் கொழுப்பு எத்தனை என்று பார்த்து விலை போடுகிற விஷயத்தில் இருந்து ஒரு கிராமத்தின் சாதிக் கணக்கு முழுவதையும் எடுத்துக் காட்ட முடிந்திருக்கிறது. அந்தக் கட்டுமானம் அவருடையது.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடையில் கைதட்டல் வாங்கிய வசனத்தை அப்படியே தூக்கிவந்து கேமராவுக்கு முன் ஒப்பித்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. டெண்டுல்கரிடமும் ஓர் உதாரணம் இருக்கிறது. அவருடைய ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ (அமைதி! கோர்ட் நடக்கிறது) நாடகத்தை 1971ல் சத்யதேவ் துபே படமாக எடுத்தார். ஒரே கூடத்தில் நடக்கிற கதை. மேடையில் மூச்சு முட்டவைத்த அந்த நான்கு சுவர் திரையில் அதே அளவுக்கு முட்டவைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் கேமரா பிடித்தவர் யார் தெரியுமா? கோவிந்த் நிஹலானி. ஒன்பது வருடம் கழித்து டெண்டுல்கரும் அவரும் சேர்ந்து கொடுத்ததுதான் ‘ஆக்ரோஷ்’.

சரி, ‘அதே சரக்கு’ என்கிறீர்கள். வன்முறை அவரை விடாமல் துரத்திய விஷயம், அதை மறுக்கவில்லை. 1973 முதல் 1975 வரை நேரு ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு அதைப் பற்றி ஆராய்வதற்காகவே நாடு சுற்றியவர் அவர். ஆனால் விஷயம் ஒன்றாக இருந்தால் வடிவமும் ஒன்று என்று ஆகிவிடுமா?

‘காஷிராம் கோத்வால்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 டிசம்பரில் ஜப்பார் படேல் இயக்கத்தில் புனேயில் மேடையேறியது. பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னாவிஸ் காலத்துப் புனே. பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற நாடகம். பிராமணர்கள் வரிசையாகக் கைகோத்து ஒரு மனிதச் சுவராக நிற்கிறார்கள். அந்தச் சுவர் பாடும், ஆடும், பிளந்து வழி விடும், தேவைப்பட்டால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். கோத்வால், அதாவது நகரக் காவல் தலைவர் பதவிக்காகக் காஷிராம் பெற்ற மகளையே நானாவிடம் ஒப்படைக்கிறான். சுவர் திரும்பிக்கொள்ளும்போது நாம் எதைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. திரையில் ஒரு ‘கட்’ செய்கிற வேலையை மேடையில் மனித முதுகுகளை வைத்துச் செய்தவர் அவர். இதில் நீள வசனம் எங்கே இருக்கிறது? 19 தடவை மேடையேறியதோடு, அதைப் போட்ட குழுவே நிறுத்திவிட்டது. நாடகத்தின் மேல் நம்பிக்கை வைத்த கலைஞர்கள் பிரிந்து போய்த் தியேட்டர் அகாடமி என்று தனிக் குழு தொடங்கித் திரும்ப மேடையேற்றினார்கள்.

அதே ஜப்பார் படேலுக்கு அவர் எழுதிய ‘சாம்னா’ படம் முற்றிலும் வேறு ஜாதி. ஒரு சர்க்கரை ஆலைப் பெரும்புள்ளி, அந்த ஊருக்கு வந்து சேர்கிற ஒரு குடிகார மாஸ்டர். நிளு புலேயும் ஸ்ரீராம் லாகுவும் நடித்தார்கள். “மாருதி காம்ப்ளே என்ன ஆனான்?” மாஸ்டர் கேட்பது இந்த ஒரே கேள்விதான். திரும்பத் திரும்பக் கேட்கிறார். பெரும்புள்ளி சோறு போடுகிறார், சாராயம் ஊற்றுகிறார், கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்ட முடியும் என்று காட்டிய திரைக்கதை. மகாராஷ்டிராவில் அந்தக் கேள்வி இன்றைக்கும் பழமொழி மாதிரி புழங்குகிறது.

‘சிம்ஹாசன்’ மும்பை அரசியல், ‘உம்பர்தா’ பெண்கள் விடுதிக்குப் பொறுப்பேற்கிற ஒருத்தியின் கதை. இரண்டும் நாவல்களில் இருந்து எடுத்தவை. ‘அர்த் சத்யா’ போலீஸ் படம். அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் வேலங்கர் தோழியின் கையில் இருக்கும் புத்தகத்தை வாங்கி, திலீப் சித்ரேயின் கவிதை ஒன்றை விளையாட்டாக உரக்கப் படிக்க ஆரம்பிக்கிறான். வரி போகப் போகக் குரல் இறங்குகிறது. சக்கர வியூகத்தைப் பற்றிய கவிதை. தன்னைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவன் முகத்தில் ஏறுகிறது. வசனம் எழுத வேண்டிய இடத்தில் வேறொருவர் கவிதையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க ஓர் எழுத்தாளருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும், யோசியுங்கள்.

மேடையிலும் பேசாத பாத்திரம் உண்டா? உண்டு. அதற்குத் திரும்ப ‘சாந்ததா’வுக்கே வரவேண்டும். ஓர் அமெச்சூர் நாடகக் குழு பொய்யாக ஒரு வழக்கு விசாரணை நடத்தி ஒத்திகை பார்க்கிறது. குற்றவாளிக் கூண்டில் குழுவில் ஒருத்தியான ஆசிரியை லீலா பேணாரே. விளையாட்டாகத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய சொந்த வாழ்க்கையைக் கிழித்துப் பார்க்கிற விசாரணையாக மாறுகிறது. அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் காரணமான பேராசிரியர் தாம்லே நாடகம் முடியும்வரை மேடைக்கே வரமாட்டார். அவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆண் என்பதால் அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. நாடகம் ஆரம்பிக்கும்போது பேணாரே கதவுத் தாழ்ப்பாளில் விரலை நசுக்கிக்கொள்கிறாள். சின்ன விஷயம், நாம் மறந்துவிடுவோம். பிறகு அங்கிருந்து ஓடிவிடலாம் என்று அவள் கதவுக்குப் போகிறபோது அது வெளியே தாழ் போட்டிருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளுக்கு எந்தக் கேமரா வேண்டும்?

அவளுக்கும் ஒரு நீண்ட பேச்சு இருக்கிறது, நீங்கள் சொல்கிற மாதிரி பக்கக்கணக்கில். ஆனால் அதை எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள். தன் தரப்பைச் சொல்லச் சொல்கிறார்கள். அவள் அசையாமல் நிற்கிறாள். சுற்றி இருப்பவர்கள் அப்படியே உறைந்துவிடுகிறார்கள். அவள் பேசுகிறாள், நமக்கு மட்டும் கேட்கிறது. பேசி முடித்ததும் கோர்ட் ஒன்றுமே நடக்காதது போலத் தீர்ப்பு சொல்கிறது. அந்தக் கூடத்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அப்புறம் விளக்குகள் எரிகின்றன. எல்லோரும் பழையபடி கலகலப்பாகிறார்கள், இது வெறும் விளையாட்டுதானே என்று அவளைத் தேற்றுகிறார்கள், நாடகத்துக்குத் தயாராக உள்ளே போகிறார்கள். சாமந்த் என்ற கிராமத்துப் பையன் மட்டும் தயங்கி நிற்கிறான். குழந்தைக்குக் கொடுப்பதற்காக அவன் வாங்கி வைத்திருந்த ஒரு பச்சைத் துணிக் கிளி அங்கே கிடக்கிறது. அவளிடம் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கிளியை எடுத்து மெல்ல அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.