'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வீடியோ கேமின் நிறை, குறைகள் என்ன? கதைக்காக மட்டும் அதை விளையாடலாமா?

தாராளமாக விளையாடலாம். அடக்குமுறை அரசைக் களமாகக் கொண்ட விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே அதன் குறைகள் என்னை உறுத்துகின்றன.

லூகாஸ் போப் உருவாக்கி 2013இல் வெளியிட்டது. காலம் 1982, நாடு அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை தேசம். அண்டை நாட்டுடன் ஆறாண்டுப் போர் முடிந்து எல்லை திறக்கப்படுகிறது. அரசாங்கக் குலுக்கலில் உங்களுக்குச் சோதனைச்சாவடி ஆய்வாளர் வேலை விழுகிறது. வரிசையில் வருபவரின் ஆவணங்களைச் சரிபார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட் கூலி. மாலையில் அதைக் கொண்டு வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம், மருந்து எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

கதை முழுவதும் இந்த மேசையின் மேலேயே நடக்கிறது. தொடக்க நாட்களில் ஒரு கணவன் சரியான தாள்களுடன் வருகிறான். அடுத்து வருபவள் தன் மனைவி, அவளிடம் கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதிலிருந்து அபராதம். ஆகவே அங்கே இரக்கத்துக்கும் ரேஷன் உண்டு. வீட்டில் மகன் காய்ச்சலில் கிடந்தால் அந்த இரண்டையும் உங்கள் கவனப் பிசகுகளுக்காகவே சேமித்து வைக்கத் தோன்றும். ஒரு கொடுங்கோல் அரசு சாதாரண மனிதரை எப்படித் தன் கையாளாக்குகிறது என்பதைப் பிரசங்கமே இல்லாமல் கையால் உணரவைக்கும் இடம் இது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமாகப் படும். 1962இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கு இன்றும் பழைய தாள்கள்தான் சொத்து. என் பெரியம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர் அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். விளையாட்டிலும் பெயர் ஒத்துப்போகாதவர்கள் வருகிறார்கள். கைரேகை எடுத்துப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிடுகிறது. நிஜத்தில் மனிதரை நொறுக்கும் அந்தக் காத்திருப்பு இதில் கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு குறையும் இதை ஒட்டியதுதான். நீங்கள் தவறு செய்த மறுகணமே எது தவறு என்று அச்சடித்த சீட்டு வந்து விழுகிறது. எல்லாம் அறிந்த, ஒருபோதும் பிசகாத மேலிடம்! அடக்குமுறை அலுவலகங்களில் பயமே நிச்சயமின்மையிலிருந்துதான் பிறக்கிறது. இந்தச் சீட்டு அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறது.

குடும்பமும் வெறும் எழுத்துகளாகவே நின்றுவிடுகிறது. மாமியார் 'பசி', மாமா 'நோய்' என்று நாள் முடிவில் ஒரு பட்டியல் வருகிறது. அவர்களில் ஒருவர் இறந்தால்கூட ஒரு வரிதான் மாறுகிறது. ஒருமுறை கையால் வரைந்த பாஸ்போர்ட்டையே நீட்டும், திரும்பத் திரும்ப வரும் கிழவர் ஜோர்ஜியின்மேல் எனக்கு இருந்த பாசம் அந்த வீட்டார்மேல் வரவேயில்லை. அரசைக் கவிழ்க்கத் துடிக்கும் எசிக் என்ற ரகசிய அமைப்பின் கதையும் மெலிவு. ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்பது தெரியாமலேயே பக்கம் சேரச் சொல்கிறார்கள்.

2022இல் கைபேசிக்கும் வந்துவிட்டது. பிற்பகுதியில் தாள்கள் குவியும்போது சிறிய திரை போதாது என்பதால் கணினியில் விளையாடுங்கள். உடல் சோதனைப் படங்களில் நிர்வாணம் வரும். அமைப்புகளில் அதை மறைத்துவிடலாம். மொத்தம் 20 முடிவுகள் உண்டு. கடந்துபோன எந்த நாளிலிருந்தும் மீண்டும் தொடரலாம் என்பதால் முதல் சுற்றில் எந்த வழிகாட்டியையும் பார்க்காமல் உங்கள் மனம் சொல்கிறபடி முத்திரை குத்துங்கள்.