தோளுக்குக் கீழே எலும்பு முறிவு: மாவுக்கட்டு போடாமல் விட்டது சரியா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சுகர் உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் மாவுக்கட்டுகூடப் போடாமல் கையை ஒரு பையில் மாட்டி அனுப்பிவிட்டார். இன்னொருவர் ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கலாம் என்கிறார். சொந்தக்காரர்கள் புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். விழுந்து நான்கு நாள் ஆகிறது, முழங்கை வரை கறுத்துப்போயிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கறுப்பு. உடைந்த இடத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கு அடியில் மெல்லக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். முழங்கை வரைக்கும், சிலருக்கு மார்பின் பக்கவாட்டிலும் வரும், அப்புறம் பச்சையாகி மஞ்சளாகி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். பயப்பட வேண்டியது வேறு: விரல்கள் சில்லிட்டு வெளுத்தால், மரத்துப்போனால், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால், மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

மாவுக்கட்டு ஏன் போடவில்லை? மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள் குழிக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு உடைந்திருப்பது அதன் கழுத்துப் பகுதியில் என்று நினைக்கிறேன், இந்த வயதில் நின்ற நிலையில் விழுந்தால் அங்கேதான் பெரும்பாலும் உடைகிறது. அந்த இடத்தை அசையாமல் பிடிக்க வேண்டுமானால் நெஞ்சையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அது தேவையும் இல்லை, ஏனென்றால் சுற்றிலும் தசை, உள்ளே பஞ்சு போன்ற ரத்த ஓட்டமுள்ள எலும்பு, கையின் எடையே துண்டுகளை ஓரளவு வரிசையில் வைத்துவிடும். பெரும்பாலும் தானாகவே கூடிவிடுகிறது. கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் தோள் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு என்பதால் அந்தக் கோணலைச் சமாளித்துக்கொள்ளும். ஆகவே முதல் டாக்டர் அலட்சியமாக விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள், கையை மாட்டிவிட்ட அந்தப் பை, அதாவது ஆர்ம் பவுச் என்பதே முழுமையான சிகிச்சைதான்.

பிளேட் சொன்ன டாக்டரும் தவறாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, எக்ஸ்ரேயைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் இதே இடத்தில் உடைந்து, துண்டுகள் விலகியும் இருந்த 250 பேரை ஆபரேஷன் செய்தவர்கள், செய்யாதவர்கள் என்று பிரித்து இரண்டு வருடம் கவனித்தார்கள், 2015-ல் முடிவு வந்தது: தோளின் வலியிலும் வேலைத்திறனிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. எலும்பு பலமில்லாத வயதில் ஸ்குரூ பிடிப்பு விட்டு நகர்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது, சுகர் உள்ளவர்களுக்குத் தொற்று பயம் வேறு. அப்படியானால் யாருக்குத்தான் ஆபரேஷன்? தலை குழியைவிட்டு நழுவியிருந்தால், தலையே பிளந்திருந்தால், தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், ரத்தக்குழாய் அடிபட்டிருந்தால், துண்டுகள் ஒன்றையொன்று தொடாத அளவு விலகியிருந்தால். இதில் எது அம்மாவுக்கு இருக்கிறது என்று அந்த டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம்.

புத்தூர் கட்டு விஷயம். இறுகக் கட்டினால் உள்ளே வீங்கும் கைக்கு ரத்தம் போகாமல் தசை செத்துப்போகலாம், நீவிவிட்டால் துண்டுகள் நகரலாம், பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது. அதோடு தோளை ஆறு வாரம் கட்டிப்போட்டால் எலும்பு கூடிவிடும், கை தூக்க வராது. ‘கட்டினேன், கூடிவிட்டது’ என்று சொல்கிறவர்களுக்குக் கட்டாவிட்டாலும் கூடியிருக்கும். வேண்டாம்.

இந்த முறிவில் எலும்பைவிட இறுக்கம்தான் பெரிய தொல்லை. சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இன்னும் சீக்கிரம் இறுகும். எனவே விரல், மணிக்கட்டு இரண்டையும் இன்றிலிருந்தே மடக்கி நீட்டச் சொல்லுங்கள், முழங்கையையும் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பவுச்சிலிருந்து எடுத்து நீட்டலாம். வலி அடங்க ஆரம்பித்ததும், பொதுவாக இரண்டாம் வாரத்தில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஊசல் பயிற்சி: நல்ல கையால் மேசையைப் பிடித்து முன்னால் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்ட வேண்டும். அப்புறம் நல்ல கையின் துணையோடு தூக்குவது, எக்ஸ்ரேயில் கூடுவது தெரிந்தபின் சுவரில் விரல்களை நடத்திக் கையை மெல்ல மேலே ஏற்றுவது. குக்கர், தண்ணீர்க் குடம் எல்லாம் மூன்று மாதம் கழித்து. முன்னேற்றம் ஒரு வருடம் வரைகூட வரும், ஆனால் தலைக்கு மேல் முழுவதுமாகப் பழையபடி தூக்க வராமல் போகலாம், அதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது. வாரம் ஒரு எக்ஸ்ரே என்று முதல் இரண்டு வாரமாவது எடுத்து, துண்டு நகர்கிறதா என்று பாருங்கள்.

தூக்கம்தான் முதலில் படுத்தும். தட்டையாகப் படுத்தால் வலிக்கும், முதுகுக்குத் தலையணை அடுக்கி சாய்ந்த மாதிரி படுக்கட்டும், முழங்கைக்கு அடியில் ஒன்று வையுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். அக்குளில் வியர்த்துப் புண்ணாகும், குனிந்து கையைத் தொங்கவிட்டால் துடைக்க இடம் கிடைக்கும்.

(மேற்கை எலும்பின் நடுவில் உடைந்தவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் வைக்கும் மாவுக்கட்டு), பிறகு பிரேஸ் (கையைச் சுற்றிப் பிடிக்கும் உறை), மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு எலும்பை ஒட்டியே போவதால் சுமார் பத்தில் ஒருவருக்குக் கை தொங்கும், அதில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானே சரியாகும். முழங்கைக்கு அருகே உடைந்தால் பெரியவர்களுக்கு அநேகமாக ஆபரேஷன்தான்.)

கடைசியாக, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது இடுப்பாக இருக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகப் பரிசோதனை இவற்றை இந்த மாதமே முடித்துவிடுங்கள். எலும்பைப் பலப்படுத்த வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரை எழுதித் தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகலாம். காபியும் கால்சியம் மாத்திரையும் அதற்கு அப்புறம்தான்.