சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கலாமா? தூசி எவ்வளவு தூரம் வரும்?

அரியலூர் பக்கம், சுரங்கத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் மலிவாக ஒரு மனை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: குழி எவ்வளவு தூரம் என்பதை விடுங்கள், டிப்பர் எந்த ரோட்டில் போகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீடு சுரங்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். வெடி வைத்தால் ஜன்னல் லேசாக அதிரும், தூரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி எழும், கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். புதிதாக வருபவர்கள் பயப்படுவது அதற்குத்தான். ஆனால் அம்மா திட்டியதெல்லாம் வாசலில் போகும் லாரிகளைத்தான். காலையில் காயப்போட்ட வேட்டியை மாலையில் உதறித்தான் எடுப்பார். முருங்கைக்கீரையை மூன்று தண்ணீர் அலச வேண்டும். முதல் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருக்கும்.

வெடி எப்போதோ ஒரு தடவை, லாரி நாள் முழுக்க. தார்ப்பாய் போட்டு மூடினாலும், ரோட்டில் சிந்தியதை டயர் மாவாக அரைக்கிறது, பின்னால் வரும் வண்டி அதைக் கிளப்புகிறது. சுரங்கத்துக்கு உள்ளேயும் இதே கதைதான். மண்தடத்தில் ஓடும் வண்டிகள் கிளப்புவதே அதிகம். தண்ணி லாரி வந்து தெளித்துவிட்டுப் போகும். சித்திரை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்?

கீரையில் படிவது பெரிய தூள், கழுவினால் போய்விடும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர, காற்றே அசையாவிட்டாலும், நாலு நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் என்றால் ஒரு மணி நேரம். நுரையீரலின் ஆழம் வரை போவது இந்தப் பொடிசுதான். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசிக்கு இந்தியாவில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 45. கருங்கல் குவாரித் தூசியோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) பொதுவாகக் குறைவு, அந்த மட்டில் அதைச் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்ப் பயமும் குறைவு. ஆனால் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த ஆறுதல் உதவாது.

சரி, மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வெயில் காலத்தில், லாரி ஓடும் நாளில் போங்கள். பூவரசு இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள் (எருக்கு வேண்டாம், அது பிறவியிலேயே வெளுப்பு). துடைத்ததும் போனால் கல் தூசி. பனியில் நனைந்து பொருக்காக இறுகிப் பிடித்திருந்தால் சிமென்ட், ஆலை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் திசை. ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் லாரி ரோட்டுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் உள்ள மனை என்றால் நான் வாங்க மாட்டேன். அந்த ரோட்டு டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். வடைத் தட்டு திறந்து கிடக்கிறதா, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.