ஆப்பிள், ஆரஞ்சு, கார் சாகுபடி

கேள்வி: விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், ‘தாமிரபரணியில் மேலே இருக்கிற கால்வாய்களுக்குக் கார் சாகுபடிக்கு (தென்மேற்குப் பருவமழைக் கால நெல்) தண்ணீர் விடும்போது கடைமடையில் இருக்கிற எங்களுக்கு ஏன் இல்லை?’ என்று கேட்டேன். ஓர் அதிகாரி, ‘ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒப்பிடாதீங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுத்துவிட்டார். இதற்கு என்ன அர்த்தம்? அவர் சொன்னது சரியா? (ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு வகை, ஒன்றை வைத்து மற்றதை எடைபோட முடியாது என்பதுதான் அர்த்தம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆப்பிளோடு கடல் சிப்பியைச் சேர்த்துச் சொன்னார்கள். சிப்பி இருந்த இடத்துக்கு ஆரஞ்சு பிறகுதான் வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஆப்பிளையும் பேரிக்காயையும் சொல்கிறார்கள்.

ஆனால் ஆப்பிளையும் ஆரஞ்சையும் தாராளமாக ஒப்பிடலாம். வைட்டமின் சி எதில் அதிகம் என்று கேளுங்கள்: 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம், ஆப்பிளில் சுமார் 5. எதை அளக்கிறோம் என்று சொல்லிவிட்டால் வேறு வகைப் பொருள்களும் ஒரே தராசில் ஏறும். அதைச் சொல்லாவிட்டால் ஒரே வகைப் பொருள்கூட நம்மை ஏமாற்றும்.

நம் அணைகளையே பாருங்கள். தினமும் பத்திரிகையில் அடிக்கணக்கு வருகிறது. கடனாநதி அணையின் உயரம் 85 அடி, ராமநதி 84 அடி. ஓரடிதான் வித்தியாசம். கொள்ளளவோ கடனாநதிக்கு 352 மில்லியன் கன அடி, ராமநதிக்கு 152. பாதிக்கும் குறைவு! அதே சமயம் பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. 25 அடி வித்தியாசம் இருந்தும், நிரம்பினால் இரண்டிலும் நிற்பது ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீர், 5,500 மில்லியன் கன அடி. ‘பாபநாசத்துல 100 அடி நிக்குது, மணிமுத்தாறுல 80தான்’ என்று டீக்கடையில் கவலைப்படுகிறவர்கள் அடியை அடியோடுதான் ஒப்பிடுகிறார்கள், ஆனாலும் கணக்குத் தப்புகிறது. கன அடிக்கு வந்தால்தான் எவ்வளவு தண்ணீர் கையிருப்பு என்று தெரியும்.

மாவட்டக் கணக்கும் இப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்து மக்கள்தொகை சுமார் 30.77 லட்சம். அதில் ஏறத்தாழ 14 லட்சம் பேர், 2019இல் தனி மாவட்டமாகப் பிரிந்த தென்காசிப் பகுதியினர். அதற்கு முன்பே 1986இல் தூத்துக்குடி பிரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் பழைய ‘நெல்லை மாவட்டத்தை’ இன்றைய நெல்லை மாவட்டத்தோடு ஒப்பிட்டு, பரப்பு குறைந்தது, விளைச்சல் குறைந்தது என்று எழுதுகிறவர்களிடம்தான் அந்த ஆங்கிலத் தொடரைச் சொல்ல வேண்டும். கார் பருவத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, அடுத்து வரும் பிசான நெல் பருவத்துக்கு வடகிழக்குப் பருவமழை. கார் விளைச்சலைப் பிசானத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களிடமும் சொல்லலாம்.

ஆனால் அதிகாரி அதை உங்களிடம் சொன்னதை நான் ஏற்கவில்லை. நீங்கள் ஒப்பிட்டது ஒரே ஆற்றை, ஒரே பருவத்தை, ஒரே பயிரை. மேல் கால்வாய்க்கும் ஸ்ரீவைகுண்டம் தென்கால், வடகால் வாய்க்கால்களுக்கும் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை: தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உங்களுடையது, மற்ற கால்வாய்களெல்லாம் எடுத்தது போகத்தான் அங்கே தண்ணீர் வந்து சேரும். அந்த வேறுபாடு எத்தனை கன அடி, எத்தனை நாள் என்று விளக்க வேண்டியது அதிகாரியின் கடமை. ‘ஒப்பிடாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது பதிலே ஆகாது. விவசாயிக்குத் தெரியாத ஆங்கிலப் பழமொழியைக் கேடயமாகப் பிடிப்பது அதைவிட மோசம்.

அடுத்த கூட்டத்துக்கு எழுதியே கொண்டு போங்கள். கடந்த ஐந்து கார் பருவங்களில் ஒவ்வொரு கால்வாய்க்கும் தண்ணீர் திறந்த தேதி, அடைத்த தேதி, விநாடிக்கு எத்தனை கன அடி, எத்தனை ஏக்கர் பாசனம் என்று நான்கே விவரம் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தாள் வந்ததும் ஒரு நகல் எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.