பென்சில் கோட்டிலிருந்து வெக்டர் வரை: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

தோட்டப் பள்ளி ஆசிரியை: பிள்ளைகள் பென்சிலில் வரைந்ததை இங்க்ஸ்கேப் மென்பொருளில் டிரேஸ் செய்து வெக்டராக, அதாவது பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படமாக, மாற்றினால் ஓரமெல்லாம் முள் முள்ளாக வருகிறதே?

டீச்சர், பென்சில் கோடு ஸ்கேனருக்கு வெறும் சாம்பல் புள்ளிக் கூட்டம். அந்தப் புள்ளிகளின் ஓரத்தையெல்லாம் மென்பொருள் சுற்றி வருவதால்தான் முள். டிரேசிங் தாள் வைத்து, 0.5 மில்லிமீட்டர் கறுப்புப் பேனாவால் ஒரே இழுப்பாக இழுக்கச் சொல்லுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன்; உள்ளங்கை அளவுப் படத்துக்கு 600. 'டிரேஸ் பிட்மேப்'பில் பிரைட்னஸ் கட்ஆஃப், அதாவது எவ்வளவு கறுப்பு வரை கோடாக எடுப்பது என்ற அளவை, 0.45இல் தொடங்குங்கள். கோடு அறுந்தால் ஏற்றுங்கள். தடித்து ஒட்டிக்கொண்டால் இறக்குங்கள். பிறகு கோட்டை எளிதாக்கும் கண்ட்ரோல்-எல், ஒரே ஒரு தடவை. மடமடவென்று அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தும் முன்னதைவிடக் கடுமையாக வேலை செய்யும். மூக்கு நுனி உருண்டுவிடும்.

ஒரு தம்பி: வாட்சாப்பில் வந்த படம் போதுமா?

போதாது. அது படத்தைச் சுருக்கும்போது கோட்டோரத்தில் படியும் கறை டிரேஸில் பரு பருவாக நிற்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்.

அட்டைக் கடைக்காரர்: தீபாவளி அட்டைக்குக் கட்டரில் (அட்டை வெட்டும் இயந்திரம்) பேனா மாட்டிச் சிக்குக் கோலம் போட்டேன். ஒவ்வொரு கோடும் இரட்டையாக விழுகிறது.

அண்ணே, சாதாரண டிரேஸ் கோட்டின் இரண்டு கரையையும்தான் எடுக்கும். ஒற்றைக் கோடு வேண்டுமென்றால் 'சென்டர்லைன்' டிரேஸ் இருக்கிறது. ஆனால் கோலத்துக்கு அதை நம்பாதீர்கள். இழைகள் குறுக்கே வெட்டும் இடத்தில் அது பெருக்கல் குறியை இரண்டு கவைகளாகப் பிளந்து, நடுவில் குட்டிக் கோடு ஒன்றைச் செருகிவிடும். எந்த இழை எங்கே தொடர்கிறது என்பது தொலைந்துபோகும். பேனா கருவியால் கால் பங்கை மட்டும் வரையுங்கள். வளைவின் உச்சிகளில் மட்டும் கணு, அதாவது கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளி. கண்ட்ரோல்-டி போட்டு நகலெடுத்து, சுழல் மையத்தைக் கோலத்தின் நடுப்புள்ளிக்கு நகர்த்தி, 90 பாகை திருப்புங்கள். இப்படி மூன்று நகல். நான்கு பக்கமும் ஒத்துவராத கோலமென்றால் முழுதும் வரையத்தான் வேண்டும்.

பேனர் அடிப்பவர்: அப்படிச் செய்தால் அம்மா கையால் போட்ட கோலம் மாதிரியே இருக்காதே! கோடு தடித்து மெலிவதுதானே அழகு?

அச்சுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. கரை டிரேஸ் கைத்தடத்தைக் காப்பாற்றும், அதைத் திருத்தவே வேண்டாம். கட்டர் பேனாவுக்கு ஒரே தடிமன்தான் தெரியும்.

அட்டைக் கடைக்காரர்: அப்போது கரை டிரேஸையே மை நிரப்பிப் போட்டால்?

போடலாம். கரைகளுக்கு நடுவே பேனா தடிமனைவிட நெருக்கமாக நிரப்புக் கோடுகள் வேண்டும். நேரம் பல மடங்கு ஆகும், மெல்லிய அட்டை ஊறிவிடும். அட்டைக் கனம் 250 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 250 கிராம்) குறையாமல் எடுங்கள்.

கோயில் குழு உறுப்பினர்: சின்னத்தைப் பதிவு செய்வது எப்படி?

மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் கேளுங்கள்.

இன்னொருவர்: ஜேபிஜியை எஸ்விஜி என்று சேமித்தால் வெக்டர்தானே?

இல்லை. உள்ளே அதே ஜேபிஜிதான் உட்கார்ந்திருக்கும். 2000 விழுக்காடு பெரிதாக்குங்கள், படிக்கட்டு தெரியும்.

வேறொருவர்: வாட்சாப் படம்...

மேலே சொல்லியாயிற்று. டாக்குமென்ட்.

டீசட்டை அச்சகத் தங்கச்சி: கடைக் கணினியில் தமிழ் எழுத்து உடைகிறது அண்ணே.

அங்கே உன் எழுத்துரு இல்லை. அனுப்புமுன் 'ஆப்ஜெக்ட் டு பாத்' செய்து எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடு. திருத்துவதற்கு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள். மாற்றிய எழுத்தின்மேல் கண்ட்ரோல்-எல் அழுத்திவிடாதே. ணகரச் சுழி சப்பிப்போகும்.