அப்பாவின் முத்திரைகளுக்கு என்ன மவுண்ட் வாங்குவது?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காலமான அப்பா விட்டுச் சென்ற அல்பத்தில் ஏறக்குறைய 600 தபால் முத்திரைகள் இருக்கின்றன. பாதி பழைய இலங்கை முத்திரைகள், மீதி வெளிநாட்டவை. அப்பா ஒட்டிய ஹிஞ்சுகள், அதுதான் அந்தச் சின்ன மடிப்புத் தாள்கள், காய்ந்து பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் இரண்டொன்று கழன்று விழுகின்றன. எல்லாவற்றையும் மவுண்டுக்குள், அதாவது முதுகில் பசை பூசிய சிறு தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள், போட விரும்புகிறார். பின்புறம் கறுப்பா, தெளிவானதா, என்ன அளவு, இணையத்தில் மலிவாக வரும் பிளாஸ்டிக் உறை சரிவருமா என்று கேட்கிறார்.

600க்கும் வாங்காதீர்கள், அக்கா. மவுண்டுக்குக் கொடுக்கும் காசு முத்திரையின் முதுகில் இருக்கும் பசையைக் காப்பதற்கு. பாவித்த முத்திரையில் பசை ஏது? தேதி முத்திரை குத்தி, உறையில் இருந்து தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றியது அது. அதற்கு ஒரு நல்ல ஸ்டொக் புக், அதாவது ஒட்டாமல் செருகி வைக்கும் புத்தகம், தாராளம். பல பாவித்த முத்திரைகளின் விலையைவிட அவற்றைப் போடும் மவுண்டின் விலை கூட. ஆகவே முதலில் சாமணத்தால் எடுத்து இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: பாவித்தவை, பாவிக்காதவை. இரண்டாவது குவியல் நூறைத் தாண்டினாலே எனக்கு ஆச்சரியம்.

பாவிக்காதவற்றிலும் ஹிஞ்ச் ஒட்டிய தழும்பு இருக்கும். மவுண்டில் போட்டால் அந்தத் தழும்பு மறையாது, இழந்த விலையும் திரும்பாது. இனிமேல் கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மன்னர் காலத்து முத்திரைகளை அன்று எல்லோரும் ஹிஞ்சில்தான் ஒட்டினார்கள், வாங்குபவர்களும் அதை அறிவார்கள். காய்ந்த ஹிஞ்ச் தானாகக் கழன்றால் எடுங்கள். பிடிவாதமாக நின்றால் விட்டுவிடுங்கள், இழுத்தால் முத்திரையின் தாளும் சேர்ந்து உரியும். தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பசை முழுவதும் போய்விடும்.

பிரிக்கும்போது ஒரு முத்திரையைத் தேடிப் பாருங்கள். 1935இல் தொடங்கிய சித்திர வரிசையில் 1 ரூபா முத்திரையில் இருப்பது நம் திருகோணமலை. ஆறாம் ஜோர்ஜின் தலையோடு 1938இல் அதே காட்சி மறுபடி வந்தது. இந்த ஊர்க்காரர் சேர்த்த அல்பத்தில் அது இல்லாமல் இருக்குமா? பாவிக்காததாகக் கிடைத்தால் முதல் மவுண்ட் அதற்கு. விக்டோரியா மகாராணியின் தலையுடன், ஓரத்தில் பல் (கிழித்தெடுக்கக் குத்திய துளைகள் விடும் ரம்ப ஓரம்) இல்லாமல், பென்ஸ் விலையில் ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். 1857இல் வந்த முதல் இலங்கை முத்திரையும், 1859இன் பெயர் பெற்ற 4 பென்ஸும் அந்தக் காலத்தவை. போலிகளும் உண்டு என்பதால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை அதை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.

இனி அந்த மலிவு உறை. பிவிசி என்றால் வேண்டவே வேண்டாம். அதை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் கசிந்து முத்திரையில் ஏறும். இளைஞனாக இருந்தபோது நானும் ஒரு புகைப்பட அல்பத்தின் பிளாஸ்டிக் பைகளில் முத்திரைகளை அடுக்கி வைத்தேன். சில வருடம் கழித்துத் திறந்தால் பை கையில் பிசுபிசுத்தது, ஒரு சிவப்பு முத்திரையின் மை பிளாஸ்டிக்கில் இறங்கி, அங்கே அதன் நிழல் மட்டும் தெரிந்தது. கண்டுபிடிக்க மூக்கே போதும்: புதுப் பிளாஸ்டிக் மேசைவிரிப்பின் மணம் அடித்து, தொட்டால் மெத்தென்று இழுபட்டால் அது பிவிசி. நல்ல மவுண்ட் பொலிஸ்டைரீனால் ஆனது. விறைப்பாக, கண்ணாடி போல் தெளிவாக இருக்கும், மணம் இராது. ஹாவிட், ஷோகார்ட், பிரின்ஸ் என்பவை பல காலமாகப் புழக்கத்தில் உள்ள பெயர்கள்.

இவற்றில் இரண்டு கட்டமைப்பு உண்டு. வழக்கமான ஹாவிட் கீழ் விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கும், மேலே திறந்திருக்கும். ஷோகார்ட் மேலும் கீழும் மூடி, முதுகின் நடுவில் பிளவு விட்டிருக்கும். பிளவுள்ளது முத்திரையை இறுக்கிப் பிடிக்கும், அல்பத்தைக் கவிழ்த்தாலும் விழாது. ஆனால் ஒட்டுமுன்பே முத்திரையை உள்ளே வைக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் எனக்கு அதுதான் பயம்: முதுகை நனைக்கும் தண்ணீர் பிளவு வழியாக உள்ளே போனால் முத்திரையின் சொந்தப் பசையே இளகி மவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். மேலே திறந்ததை வெறுமையாகப் பக்கத்தில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் முத்திரையை நழுவவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். நாக்கால் நக்க வேண்டாம். ஈரமான சிறு தூரிகையால் முதுகின் மேல்பகுதியில் ஒரு கோடு இழுத்தால் போதும்.

நிறம் உங்கள் கண்ணுக்கு விட்டது. கறுப்பில் வெள்ளைப் பற்கள் எடுப்பாகத் தெரியும், பல் முறிந்திருந்தால் அதுவும் எடுப்பாகத்தான் தெரியும். ஓரம் வெட்டிய கடுநிற முத்திரையைக் கறுப்பு விழுங்கிவிடும். அப்பாவின் அல்பம் வெள்ளைத்தாள் என்றால் நான் தெளிவானதை வாங்குவேன்.

அளவில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். மவுண்ட் நீளப் பட்டியாக வரும், பக்கெட்டில் போட்டிருக்கும் எண் அதன் உயரம், மில்லிமீட்டரில். அடிமட்டத்தை வைத்துப் பற்களையும் சேர்த்து அளந்து பாருங்கள். ஒரு முத்திரை 24 மி.மீ. உயரம், 38 மி.மீ. அகலம் என்று வைப்போம். 24 வாங்கினால் பல் மடியும், 26 எடுங்கள். அகலத்தில் இருபுறமும் 2 மி.மீ. விட்டால் 42. ஹாவிட் பட்டியின் நீளம் 210 என்பதால் கச்சிதமாக ஐந்து துண்டு, மிச்சமே இல்லை. 20 மி.மீ. அகலச் சிறு முத்திரைக்கு 24ஆக வெட்டினால் எட்டுத் துண்டு வரும், 18 மி.மீ. மிஞ்சும். ஒரு கொப்பியில் உயரம் வாரியாகக் கோடு போட்டு எண்ணினால் மூன்று நான்கு அளவுகளுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். பல அளவு கலந்த பக்கெட்டை வாங்காதீர்கள், அதில் தேவையில்லாததே கூட இருக்கும். கத்தரிக்கோலில் கை வளையும், சிறிய தாள் வெட்டி நல்லது.

நம் ஊர்க் கடைகளில் அல்பம் கண்டிருக்கிறேன், மவுண்ட் கண்டதில்லை. கொழும்புக்குப் போகிறவர் மூலமோ இணையத்திலோதான் எடுப்பிக்க வேண்டும். உறை பிரிக்காத பக்கெட்டாகக் கேளுங்கள், பட்டிகள் சுருண்டோ ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்தால் ஈரம் கண்ட சரக்கு.

ஓடர் ஐப்பசிக்குப் பிறகு வந்து சேர்ந்தால் பிரிக்காமல் சிலிக்கா ஜெல்லோடு தகர டின்னில் வையுங்கள். மாரி மழை விட்டு, கச்சான் காற்று வீசத் தொடங்கியபின் ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ளலாம். முடிந்த அல்பத்தை அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் பசை அழுந்தும். அந்த அலுமாரியில் பூச்சி உருண்டை இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அதன் ஆவி பொலிஸ்டைரீனை இளக்கிவிடும்.