பாலாற்றுப் பாலமும் பாகாயம் பஸ்ஸும்

வணக்கம் சார்.

எனக்கு 36 வயது. ஊர் ஆற்காடு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான்கு மாதம் முன்பு நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை வந்துவிட்டது. மூன்று இசிஜி, ஒரு எக்கோ எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். கேஸ் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. பாலத்தில் வண்டி ஓட்டப் பயம் என்பதால் இப்போது தம்பிதான் கொண்டுபோய் விடுகிறான். கடைசியாகப் பார்த்த டாக்டர், வேலூர் பாகாயத்தில் இருக்கும் மனநல மையத்துக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அம்மா அழுகிறார். “பாகாயம் போய்க்கினு வந்தான்னு தெரிஞ்சா நாளைக்கு உன் பொண்ண யாருடா கட்டிப்பான்?” என்கிறார். பெண்ணுக்கு ஏழு வயது.

உங்களுக்கும் இப்படி இருந்ததாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யோகா, நல்ல புத்தகங்கள், மனதைத் திடமாக வைத்துக்கொள்வது, இதெல்லாம் போதாதா சார்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரியோடு நான் நழுவியது தப்புதான். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தப் படபடப்பு, டாக்டர் பாஷையில் ‘பேனிக் அட்டாக்’, வந்தது காட்பாடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில். கீழே ரயில் வந்து நிற்கிறது, என்னால் படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாடா என்றிருந்தது. அடுத்த மாதமும் ஏதோ காரணம் சொல்லி ரயிலைத் தவிர்த்தேன். பிறகு பஸ்ஸில் கதவோரம் இடம் கிடைத்தால்தான் ஏறுவது என்றானது. பிறகு கல்யாண மண்டபம், சினிமா தியேட்டர். ஒன்றரை வருஷத்தில் என் உலகம் சத்துவாச்சாரியில் நான்கு தெருக்களுக்குள் வந்து நின்றது. ஒவ்வொரு முறை தப்பித்தபோதும் கிடைத்ததே, அந்த நிம்மதிதான் வினை. ‘பார், போகாததால்தான் பிழைத்தாய்’ என்று அது உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் தம்பி பாசத்தோடு செய்வதும் இதைத்தான். சட்டைப்பை மாத்திரையும் அதே கதை.

பயந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சை வாரி வாரி இழுக்கிறோம். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டுத் தானாக இறங்கிவிடும். இதயத்தைப் பரிசோதித்தது சரியான காரியம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி படபடப்பைத் தரும், பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்காவது இசிஜி மட்டும் வேண்டாம்.

‘மனதைத் திடமாக வைத்துக்கொள்’ என்று எனக்குச் சொல்லாத ஆள் வேலூரில் இல்லை. எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் சொன்னதில்லை. புத்தகம்? அந்த ஒன்றரை வருஷத்தில் நான் படித்த அளவுக்கு வாழ்நாளில் படித்ததில்லை. வெளியே போகாமல் இருக்க அதைவிட கௌரவமான சாக்கு எழுத்தாளனுக்குக் கிடைக்காது. யோகா நல்லதுதான். ஆனால் படபடப்பு வந்த நேரத்தில் கபாலபாதி மாதிரி வேகமாக மூச்சு விடும் பயிற்சி செய்தால் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு வைத்த மாதிரி. மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். அது உதவும்.

நைட் ஷிப்டில் எத்தனை டீ குடிக்கிறீர்கள்? நான் ஏழு குடித்துக்கொண்டிருந்தேன், மூன்றாக்கியதிலேயே வித்தியாசம் தெரிந்தது. தூக்கத்துக்காகக் குவார்ட்டர் போடுகிற வழக்கம் இருந்தால் விடுங்கள். இறங்குகிற போதை மறுநாள் படபடப்பைக் கூட்டும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம், பழகிவிடும். மனநல மருத்துவர் தரும் மாத்திரை பொதுவாக வேறு வகை. பிடிக்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம், முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகவே படபடக்கலாம். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இனி அம்மா. நம் ஊரில் பாகாயம் என்பது ஊர்ப்பெயராகவா இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நானே எத்தனை பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு நானே காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறி, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். காத்திருக்கும் இடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர். “இன்னா சார், யாரையாவது பாக்க வந்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். நீங்க? “நானும் அப்படித்தான்.” இருவர் கையிலும் சீட்டு இருந்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் அந்த மனநல மையம் 1957இல் தொடங்கியது. உள்நோயாளியாகத் தங்குபவரோடு வீட்டு மனிதர் ஒருவரும் கூடவே தங்குவது அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கும் முறை. அம்மா நினைப்பதுபோலக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடமல்ல. உங்கள் விஷயத்தில் தங்கவே வேண்டியிருக்காது, புறநோயாளிச் சீட்டு போதும். அம்மாவையும் கூட்டிப்போய் டாக்டரிடம் கேட்க வையுங்கள். செலவு யோசனை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால், சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். செத்துவிடுவேனோ என்ற பயம் போய், செத்தால் தேவலை என்ற நினைப்பு என்றைக்காவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் அப்போதே சொல்லுங்கள். 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

என்னை மேம்பாலத்துக்குத் திருப்பி அனுப்பியது பாகாயத்தில் நான் பார்த்த டாக்டர்தான். முதல் வாரம் மனைவியோடு படிக்கட்டின் அடியில் நின்றேன். படபடப்பு வந்தது. அது இறங்குகிற வரை நகரக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. நான் நின்றேன், அவள் கடலை வாங்கித் தின்றாள். அடுத்த வாரம் பாதிப் படி. அப்புறம் மேலே. அப்புறம் தனியாக. ரயிலில் ஏறி அரக்கோணம் போய்வர மூன்று மாதம் ஆனது. இப்போதும் என்றைக்காவது வரும். வந்தால் நின்றுகொள்வேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, லாரிகள் குறைவாக இருக்கும்போது, தம்பியோடு பாலத்தில் நடங்கள். பைக் பிறகு. அதில் நீங்கள் முன்னால், தம்பி பின்னால். எந்தத் தூண் வரை போனீர்கள் என்று எழுதுங்கள்.